கடைத் தொலைபேசியை நாமே நிர்வகிப்போம்: ஜார்ஜ் டவுன் சிறுதொழில்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாட்ஸ்அப் எவ்வளவு பரவினாலும், பினாங்கில் தொழில் நடத்துபவர்களுக்கு 04 எனத் தொடங்கும் எண்ணின் மதிப்பு குறையவில்லை. கிளினிக், வழக்கறிஞர் அலுவலகம், ஜவுளிக்கடை, பயண முகவர் அலுவலகம், நாணயமாற்றுக் கடை என எதுவானாலும், பெயர்ப்பலகையில் நிலையான எண் இருந்தால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வருகிறது. அந்த எண்ணை இன்று இணையத்தின் வழியே இயக்கலாம். ஓர் எண்ணுக்கு வரும் அழைப்பைக் கல்லாவிலும் கிடங்கிலும் முதலாளியின் கைப்பேசியிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யலாம்.

இதை அமைத்துக் கொடுக்க ஆள் கிடைப்பார். அமைத்த பிறகு அன்றாடம் பார்த்துக்கொள்வதுதான் பலருக்கும் சிக்கலாக இருக்கிறது. ஒவ்வொரு சிறு பழுதுக்கும் ஆளைக் கூப்பிட்டால் பணமும் போகும், அந்த நேரத்தில் வரும் அழைப்புகளும் போகும். கடையில் இருக்கும் ஒருவரே இதை நிர்வகிக்க முடியும். அதற்குக் கணினிப் பட்டம் தேவையில்லை, வரிசை தெரிந்தால் போதும். அந்த வரிசையில் ஒவ்வொரு படியாகச் சேர்ந்தே போவோம்.

## இது என்ன?

பழைய தொலைபேசியில் நம் குரல் செம்புக் கம்பியில் மின்னலையாகப் போனது. விஓஐபி எனப்படும் இணையத் தொலைபேசியில் குரல் சிறு சிறு தரவுப் பொட்டலங்களாக வெட்டி அனுப்பப்படுகிறது. பொதுவாக ஒரு பொட்டலத்தில் 20 மில்லிவினாடிப் பேச்சு இருக்கும். அதாவது ஒரு வினாடிக்கு 50 பொட்டலங்கள் போக வேண்டும், 50 பொட்டலங்கள் வர வேண்டும்.

ஒவ்வோர் அழைப்பும் இரண்டு வழிகளில் பயணம் செய்கிறது. முதலாவது சைகை வழி. யார் யாரை அழைக்கிறார், மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா என்ற செய்திகள் இதில் போகும். இதற்கான விதிமுறைக்கு எஸ்ஐபி என்று பெயர். இரண்டாவது குரல் வழி. பேச்சுப் பொட்டலங்கள் இதில் போகும். இதன் விதிமுறை ஆர்டிபி. அழைப்பிதழ் தபாலில் போகிறது, விருந்தினர் சாலையில் வருகிறார் அல்லவா? அதுபோல இரண்டுக்கும் பாதை வேறு, தடையும் வேறு.

இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மணியே அடிக்கவில்லை என்றால் சைகை வழியில் தடை. மணி அடித்தது, எடுத்தோம், ஆனால் குரல் சரியில்லை என்றால் குரல் வழியில் தடை. பின்னால் வரும் பழுதுபார்ப்பு முழுவதும் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது.

## என்னென்ன வேண்டும்?

பிபிஎக்ஸ்: அழைப்புகளை யாருக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் மையம். இது கடைக்குள் வைக்கும் சிறு பெட்டியாக இருக்கலாம், அல்லது மாதக் கட்டணத்துக்குக் கிடைக்கும் கிளவுட் சேவையாக இருக்கலாம். ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருளை 1999-இல் மார்க் ஸ்பென்சர் எழுதினார். சிறு நிறுவனங்களும் சொந்தமாக பிபிஎக்ஸ் வைத்துக்கொள்ளும் வழி அதனால் அகலமாகத் திறந்தது.

எஸ்ஐபி டிரங்க்: நம் பிபிஎக்ஸை வெளியுலகத் தொலைபேசி வலையோடு இணைக்கும் இணைப்பு. இதை உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தரும். 04 எண்ணோ, இணையத் தொலைபேசிக்கென ஒதுக்கப்பட்ட 0154 வரிசை எண்ணோ இதனோடு வரும்.

ஐபி போன்: மேசையில் வைக்கும் கருவி. தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆணையமான எம்சிஎம்சியின் சான்றுக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கைப்பேசியில் செயலியாகவும் இதை நிறுவலாம். ஆனால் கல்லாவுக்கும் வரவேற்பு மேசைக்கும் மேசைப் போன்தான் நம்பகமானது.

இவற்றோடு ரவுட்டர், பிஓஇ வசதியுள்ள நெட்வொர்க் சுவிட்ச், யூபிஎஸ் ஆகியவையும் தேவை. பிஓஇ என்றால் நெட்வொர்க் கேபிள் வழியாகவே போனுக்கு மின்சாரம் தருவது. ஒவ்வொரு போனுக்கும் தனி அடாப்டர் தேவைப்படாது. அதைவிடப் பெரிய நன்மை, ஒரே யூபிஎஸ்ஸில் எல்லாப் போன்களும் உயிரோடு இருக்கும்.

கிளவுடா, பெட்டியா? ஐந்தாறு போன்கள் உள்ள இடத்துக்கு கிளவுட் எளிது. அமைப்பைக் காத்துக்கொள்ளும் பொறுப்பில் பாதி சேவை நிறுவனத்துடையது. இருபது முப்பது போன்கள், இரண்டு கிளைகள் என்று வளர்ந்தால் சொந்தப் பெட்டி கட்டுப்படியாகும்.

கிளவுட் எடுத்தால் அதன் சர்வர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பது நல்லது. குரல் ஒரு திசையில் போய்ச் சேர 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது ஐடியூ அமைப்பின் ஜி.114 பரிந்துரை. சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் பக்கத்துத் தெருவுக்குப் பேசினாலும் குரல் அங்கே போய்த் திரும்பலாம்.

சென்னைக்கும் திருச்சிக்கும் அடிக்கடி பேசும் வணிகர்களுக்குத் தூரம் ஒரு தடையே இல்லை. 1870-71 காலத்திலேயே சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றையும் கடலடித் தந்திக் கம்பி இணைத்துவிட்டது. இன்று பே ஆஃப் பெங்கால் கேட்வே என்ற கடலடி ஒளியிழைக் கேபிள் பினாங்கையும் சென்னையையும் இணைக்கிறது. அந்தத் தூரத்தை ஒளி 15 மில்லிவினாடி அளவில் கடந்துவிடும். சென்னை அழைப்பில் தாமதம் தெரிந்தால், கடலைப் பார்ப்பதற்கு முன் நம் ரவுட்டரைப் பார்க்க வேண்டும்.

## எவ்வளவு செலவாகும்?

ஐந்து போன்கள் உள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். விலைகள் கடைக்குக் கடை மாறும். கீழே உள்ளவற்றைத் திட்டமிடுவதற்கான தோராயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்க நிலை ஐபி போன் ஒன்று 250 ரிங்கிட் என்றால் ஐந்துக்கு 1,250. எட்டு போர்ட் பிஓஇ சுவிட்ச் 300. யூபிஎஸ் 300. இடித் தடுப்புச் சாதனம் 100. கேபிளும் கூலியும் 650. ஆக மொத்தம் 2,600 ரிங்கிட். சொந்த பிபிஎக்ஸ் பெட்டி வாங்கினால் இதற்கு மேல் இன்னும் ஆயிரத்துக்குக் குறையாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதச் செலவு நான்கு வகை: இணைய இணைப்பு, டிரங்க் வாடகை, கிளவுட் என்றால் ஒவ்வொரு போனுக்கும் கட்டணம், பேசிய நிமிடங்களுக்கான கட்டணம். விலைப்பட்டியல் வாங்கும்போது இந்த நான்கையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு 36 மாதத்தால் பெருக்கி, தொடக்கச் செலவையும் கூட்டிப் பாருங்கள். மாதக் கட்டணத்தில் மலிவாகத் தெரிந்தது மூன்றாண்டுக் கணக்கில் விலை கூடியதாக நிற்கக்கூடும்.

வரியையும் கேளுங்கள். 2024 மார்ச் 1 முதல் சேவை வரி பொதுவாக 8 விழுக்காடு ஆனபோதும், தொலைத்தொடர்புச் சேவைக்கு அது 6 விழுக்காடாகவே வைக்கப்பட்டது. பில்லில் எந்தப் பகுதிக்கு எந்த விகிதம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

1-300, 1-800 எண்கள் வேண்டுமா என்றும் யோசியுங்கள். 1-800 எண்ணுக்கு அழைப்பவர் பணம் கட்டுவதில்லை, நாம் கட்டுகிறோம். 1-300 எண்ணில் அழைப்பவர் உள்ளூர்க் கட்டணம் தருவார், மீதியை நாம் ஏற்போம். நாடு முழுவதும் வாடிக்கையாளர் இருந்தால் பயன் தரும். லிட்டில் இந்தியாவுக்குள் வியாபாரம் என்றால் 04 எண்ணே போதும்.

## முதல் படி: தாளில் திட்டமிடுவோம்

கருவி வாங்கும் முன் ஒரு வாரம் அழைப்புகளை எண்ணுங்கள். எந்த நேரத்தில் அதிகம், ஒரே சமயத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து போன் இருந்தாலும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அழைப்புகள்தான் நடக்கும். அந்த எண்ணிக்கைதான் டிரங்கில் நமக்கு வேண்டிய சேனல். தீபாவளிக்கு முந்தைய வாரங்களுக்காக ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து எக்ஸ்டென்ஷன் எண்கள். 0, 1, 9 ஆகியவற்றில் தொடங்கும் உள் எண்களைத் தவிர்ப்போம். 0 வெளியூர் எண்ணுக்கும் கைப்பேசிக்கும் வேண்டும். 1-இல் 103, 1-300, 1-800 எல்லாம் இருக்கின்றன. 9-இல் அவசர எண் 999 இருக்கிறது. 2-இல் தொடங்கினாலும் ஒரு சிக்கல் வரலாம். ஜார்ஜ் டவுன் எண்கள் பலவும் 04-க்குப் பிறகு 2-இல்தான் தொடங்குகின்றன. பணியாளர் 04 போடாமல் அழைத்தால், அது உள் எண்ணா வெளி எண்ணா என்று அமைப்பு தடுமாறும். 301, 302 என்று வைத்துக்கொண்டு, பினாங்கு எண் எதுவானாலும் 04 சேர்த்தே அழைக்க வேண்டும் என்று முதல் நாளே எல்லாரையும் பழக்கிவிடுங்கள்.

மூன்றாவதாக, அழைப்பின் பாதையை வரையுங்கள். அழைப்பு வந்ததும் முதலில் எங்கே ஒலிக்க வேண்டும்? 15 வினாடியில் எடுக்கவில்லை என்றால் எங்கே? கடை மூடிய பிறகு எங்கே? வரவேற்புக் குரல் எந்த மொழிகளில்? பினாங்கில் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் வேண்டியிருக்கும். ஹொக்கியன் பேசும் வாடிக்கையாளர் மிகுதியென்றால் அதையும் சேருங்கள். குரல் பதிவு சுருக்கமாக இருக்கட்டும், தேர்வுகள் மூன்றைத் தாண்ட வேண்டாம். காத்திருப்பவர் பொறுமை இழந்தால் அந்த வியாபாரம் அடுத்த கடைக்குப் போய்விடும்.

## இரண்டாம் படி: கேபிளும் இணையமும்

இணையத் தொலைபேசிக்கு வேகம் அதிகம் தேவையில்லை. ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 87 கேபிபிஎஸ் போதும். ஐந்து அழைப்புகள் சேர்ந்தாலும் அரை எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கும். வேகத்தைவிடச் சீர்மைதான் முக்கியம். பொட்டலங்கள் ஒழுங்கான இடைவெளியில் வந்து சேர வேண்டும். அவை முன்பின்னாக வரும் நிலைக்கு ஜிட்டர் என்று பெயர். ஜிட்டர் 30 மில்லிவினாடிக்குள்ளும், பொட்டல இழப்பு 1 விழுக்காட்டுக்குள்ளும் இருக்கும்படி பார்த்துக்கொள்வோம்.

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகள் அகலம் குறைந்து, நீளம் மிகுந்து, கெட்டியான செங்கல் சுவரோடு இருப்பவை. முன்கட்டில் உள்ள வைஃபை பின்கட்டுக்கு வரும்போது மெலிந்துவிடும். ஆகவே மேசைப் போனுக்குக் கேபிள்தான் சரி. ஒரு கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கடைவீட்டின் நீளத்துக்கு அது தாராளம்.

துளையிடும் முன் யோசிக்க வேண்டும். 2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பாரம்பரியப் பகுதியில் உள்ள கட்டடம் என்றால் உரிமையாளரிடமும், மாற்றம் பெரிதாக இருந்தால் பினாங்கு மாநகர் மன்றத்திடமும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பெரும்பாலும் தரையோரமாகவும் உத்தரத்தை ஒட்டியும் கேபிள் குழாய் ஓட்டினாலே வேலை முடிந்துவிடும். அஞ்சடிப் பக்கமோ வானம் தெரியும் நடுமுற்றத்திலோ கேபிளை வெயிலும் மழையும் படும்படி விடாதீர்கள்.

ரவுட்டரில் மூன்று வேலைகள் செய்வோம். ஒன்று, எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுவோம். உதவுவதற்காக வைக்கப்பட்ட வசதிதான், ஆனால் பல ரவுட்டர்களில் அது சைகைச் செய்தியைத் தப்பாகத் திருத்தி அழைப்பைக் கெடுக்கிறது. இரண்டு, கியூஓஎஸ் அமைப்பில் குரலுக்கு முதலிடம் கொடுப்போம். மூன்று, முடிந்தால் போன்களுக்கு விலேன் எனப்படும் தனி உள்வலை ஒதுக்குவோம். வாடிக்கையாளர் பயன்படுத்தும் வைஃபையும் கண்காணிப்புக் கேமராவும் போனோடு மோதாமல் இருக்கும்.

கடைசியாக மின்சாரம். நம் ஊரில் இடிமழை அடிக்கடி வரும். இடித் தடுப்புச் சாதனமும் யூபிஎஸ்ஸும் ஆடம்பரம் அல்ல. ஒளியிழை மோடம், ரவுட்டர், சுவிட்ச், பிபிஎக்ஸ் நான்கும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். மோடத்தை மறந்துவிட்டால் போன்களில் விளக்கு எரியும், அழைப்பு மட்டும் வராது.

## மூன்றாம் படி: பிபிஎக்ஸை அமைப்போம்

எந்த நிறுவனத்தின் பிபிஎக்ஸ் ஆனாலும் வரிசை ஒன்றுதான்.

1. நேரத்தைச் சரிசெய்யுங்கள். ஜிஎம்டி +8 என்று வைத்து, இணைய நேரத்தோடு ஒத்திசைக்கச் சொல்லுங்கள். நேரம் தவறினால் பட்டப்பகலில் கடை மூடிய அறிவிப்பு ஒலிக்கும்.

2. எக்ஸ்டென்ஷன்களை உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் நீளமான, வேறு வேறான கடவுச்சொல் கொடுங்கள். 301-க்குக் கடவுச்சொல்லும் 301 என்று வைப்பது கதவைத் திறந்துபோட்டு வீட்டுக்குப் போவதற்குச் சமம்.

3. போன்களைப் பதிவு செய்து, உள்ளுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் அழைத்துப் பாருங்கள். இது நன்றாக ஓடிய பிறகே அடுத்த படி.

4. டிரங்கை இணையுங்கள். நிறுவனம் தந்த சர்வர் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை உள்ளிட்டால், பதிவானது என்ற நிலை தெரிய வேண்டும்.

5. வெளியே போகும் விதிகள். எண்ணை எந்த வடிவில் அனுப்ப வேண்டும் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். சில நிறுவனங்களுக்கு 04 வடிவம், சிலவற்றுக்கு 604 வடிவம்.

6. உள்ளே வரும் விதிகள். முதல் படியில் வரைந்த பாதையை இப்போது அப்படியே பதியுங்கள்.

7. வேலை நேரமும் விடுமுறையும். வெளி மாநில நிறுவனம் அமைத்துத் தந்தால் பினாங்கின் விடுமுறைகள் விடுபடலாம். ஜூலை 7 உலகப் பாரம்பரிய நாள், ஆளுநர் பிறந்தநாள், தைப்பூசம் மூன்றும் பட்டியலில் இருக்கின்றனவா என்று நாமே பார்ப்போம்.

முடித்ததும் பேக்கப் எடுத்து, பெட்டிக்கு வெளியே ஓரிடத்தில் சேமியுங்கள்.

## நான்காம் படி: சோதித்துப் பார்ப்போம்

பழைய லைனை உடனே வெட்டாதீர்கள். எண்ணைப் புதிய சேவைக்கு மாற்றித் தர முடியுமா என்பதை எழுத்தில் பெறுங்கள். முடியாது என்றால், எஃப்எக்ஸ்ஓ கேட்வே என்ற சிறு கருவி பழைய லைனையும் நம் பிபிஎக்ஸோடு சேர்த்துவிடும். அந்தப் பழைய லைனில் ஃபேக்ஸ், திருட்டு எச்சரிக்கை மணி, கார்டு தேய்க்கும் கருவி ஏதேனும் தொங்குகிறதா என்றும் தேடிப் பாருங்கள். குரலுக்காக அமைத்த இணைய இணைப்பில் ஃபேக்ஸ் தடுமாறும்.

இரண்டு வாரம் புதியதும் பழையதும் சேர்ந்தே ஓடட்டும். இந்தக் காலத்தில் கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள்.

உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே, கைப்பேசிக்கு, வெளிநாட்டுக்கு என்று ஒவ்வொன்றையும் அழையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிடமாவது பேசுங்கள். ஓர் அழைப்பையாவது 20 நிமிடம் விடாமல் வைத்திருங்கள். வங்கிக்கு அழைத்து, எண்ணை அழுத்தச் சொல்லும்போது அழுத்திப் பாருங்கள். அழைப்பை இன்னொரு போனுக்கு மாற்றுங்கள். இணையக் கேபிளைப் பிடுங்கி, அழைப்பு கைப்பேசிக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். மின்சாரத்தை அணைத்து, யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

## அன்றாட நிர்வாகம்

தினமும் காலையில் ஒரு பார்வை: எல்லாப் போன்களும் டிரங்கும் பதிவாகி இருக்கின்றனவா? கைப்பேசியிலிருந்து கடை எண்ணுக்கு ஓர் அழைப்பு போடுங்கள், அரை நிமிட வேலைதான்.

வாரம் ஒருமுறை அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். எடுக்கப்படாத அழைப்புகள் எந்த நேரத்தில் அதிகம் என்று அது சொல்லும். மதிய உணவு வேளையில் அழைப்புகள் தவறினால் ஆளை மாற்றி அமர்த்தலாம். இணையத் தொலைபேசி நமக்குத் தரும் பெரிய லாபமே இந்தத் தகவல்தான். பழைய லைனில் தவறிப்போன வாடிக்கையாளர் யாரென்றே தெரியாது. இப்போது எண்ணைப் பார்த்து நாமே திருப்பி அழைக்கலாம்.

மாதம் ஒருமுறை பில்லையும் அழைப்புப் பட்டியலையும் ஒப்பிடுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு வந்திருந்தால் பேக்கப் எடுத்துவிட்டு, கடை மூடிய பிறகு நிறுவுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம், கோளாறு வந்தால் வார இறுதியில் உதவிக்கு ஆள் கிடைக்காது.

பணியாளர் விலகினால் அன்றே அவருடைய எக்ஸ்டென்ஷன் கடவுச்சொல்லை மாற்றி, கைப்பேசிச் செயலியின் இணைப்பைத் துண்டியுங்கள். புதியவர் வந்தால், அழைப்பை மாற்றுவது, பிடித்துவைப்பது, 999 அழைப்பது மூன்றையும் முதல் நாளே செய்துகாட்டுங்கள்.

## பழுது வந்தால் எங்கே தொடங்குவது?

எதையும் தொடும் முன் ஐந்து கேள்விகள். ஒரு போனுக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா? உள்ளுக்குள் பேச முடிகிறதா? போகும் அழைப்பிலா, வரும் அழைப்பிலா? எப்போதுமா, சில நேரம் மட்டுமா? கடைசியாக என்ன மாற்றினோம்? இந்த ஐந்துக்கும் விடை எழுதினால் பழுது பாதி பிடிபட்டுவிடும். பிறகு போனில் தொடங்கி, கேபிள், சுவிட்ச், ரவுட்டர், டிரங்க் என்று உள்ளிருந்து வெளியே போவோம்.

ஒரு போன் மட்டும் இறந்துகிடக்கிறது: அதன் கேபிளை ஓடும் போனின் கேபிளோடு மாற்றிப் பாருங்கள். போன் உயிர் பெற்றால் கோளாறு கேபிளிலோ சுவிட்ச் போர்ட்டிலோ இருக்கிறது. விளக்கு எரிந்தும் பதிவாகவில்லை என்றால் கடவுச்சொல்லைப் பாருங்கள்.

வெளியே போகிறது, உள்ளே வரவில்லை: டிரங்கின் பதிவு காலாவதியாகி இருக்கலாம், அல்லது ரவுட்டர் அந்த வழியை மறந்திருக்கலாம். பதிவுப் புதுப்பிப்பு இடைவெளியைக் குறையுங்கள், கீப்அலைவ் வசதியை இயக்குங்கள். அதற்கும் முன், விடுமுறை அமைப்பு தவறாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஒருவர் குரல் மட்டும் கேட்கிறது: சைகை வழி சரி, குரல் வழி ஒரு பக்கம் அடைபட்டிருக்கிறது. ரவுட்டரின் எஸ்ஐபி ஏஎல்ஜி மறுபடி இயங்கிவிட்டதா? பிபிஎக்ஸில் நம் வெளி ஐபி முகவரி சரியா? குரலுக்கான போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா? ஆஸ்டெரிஸ்க் வகை அமைப்புகளில் அவை வழக்கமாக 10000 முதல் 20000 வரை.

குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது: குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வந்தால் யாரோ பதிவேற்றம் செய்கிறார்கள் என்று பொருள். கேமராப் பதிவு கிளவுடுக்குப் போகிறதா, கணினி பேக்கப் ஓடுகிறதா என்று பாருங்கள். கியூஓஎஸ் சரியாக இருந்தால் இது வராது. எப்போதும் வந்தால் ரவுட்டருக்கு ஒரு பிங், டிரங்க் சர்வருக்கு ஒரு பிங் அனுப்புங்கள். ரவுட்டர் வரையிலேயே இழப்பு என்றால் கோளாறு கடைக்குள். அதற்கு அப்பால் என்றால் இணைய நிறுவனத்திடம் புகார் சொல்லலாம்.

அரை நிமிடத்தில் துண்டிக்கிறது: ஒவ்வொரு முறையும் 32 வினாடி அளவில் துண்டித்தால், எடுத்ததற்கான உறுதிச் செய்தி போய்ச் சேரவில்லை. சைகை வழித் தடைதான். மறுபடியும் ஏஎல்ஜியையும் வெளி ஐபி முகவரியையும் பாருங்கள்.

சரியாக 15 அல்லது 30 நிமிடத்தில் துண்டிக்கிறது: செஷன் டைமர் என்ற அமைப்பில் இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. டிரங்க் நிறுவனம் சொல்லும் மதிப்பை வையுங்கள்.

எண்ணை அழுத்தினால் மறுமுனை ஏற்கவில்லை: டிடிஎம்எஃப் முறையை ஆர்எஃப்சி 2833 அல்லது 4733 என்று மாற்றுங்கள்.

எதிரொலி: நம் குரல் நமக்கே திரும்பினால், பெரும்பாலும் மறுமுனை ஸ்பீக்கரின் ஒலி மிகுதி. பழைய லைன் கேட்வே வழியாக மட்டும் வந்தால் அதன் ஒலி அளவைக் குறையுங்கள்.

பதிவேட்டில் தெரியும் எண்களும் வழி காட்டும். 403 என்றால் அனுமதி மறுப்பு, 404 என்றால் அப்படியோர் எண் இல்லை, 408 என்றால் பதில் வரவில்லை, 486 என்றால் மறுமுனை பிஸி. 503 என்றால் சேவை கிடைக்கவில்லை, சேனல்கள் எல்லாம் நிரம்பியிருக்கலாம். பிடிபடாத பழுதுக்கு வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருள் உண்டு. அழைப்பின் இரு வழிகளையும் கண்ணால் பார்க்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சரியானால், எது மருந்தென்று அடுத்த முறை தெரியாது.

## யாரிடம் எப்படிப் புகார் சொல்வது?

"லைன் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் எந்த நிறுவனமும் உதவ முடியாது. அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தேதி, நிமிடம் வரை சரியான நேரம், என்ன நடந்தது என்ற ஐந்தும் கொடுங்கள். அன்றைய அழைப்புகளையே எடுத்துக்காட்டாகத் தாருங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்திடம் தீர்வு கிடைக்காவிட்டால் எம்சிஎம்சியிடமும் பயனீட்டாளர் மன்றமான சிஎஃப்எம்மிடமும் முறையிட வழி இருக்கிறது.

## எச்சரிக்கை

களவு அழைப்புகள்: திருடர்கள் எளிய கடவுச்சொல்லைத் தேடி இணையம் முழுவதும் துழாவுகிறார்கள். நுழைந்தால் இரவிலும் விடுமுறையிலும் தொலைதூர நாடுகளுக்கு அழைப்பு ஓட்டுவார்கள், பில் நமக்கு வரும். வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமாக மூடிவிட்டு, தேவையான நாடுகளை மட்டும் திறப்போம். நம் வணிகர்கள் பலருக்கும் 91, 94, 65, 62, 66 ஆகிய நாட்டுக் குறியீடுகள் போதும். டிரங்கில் நாள் வரம்பு வைக்கச் சொல்லுங்கள். பிபிஎக்ஸின் நிர்வாகப் பக்கத்தை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

மோசடி அழைப்புகள்: மக்காவ் ஸ்கேம் என்று நாடறிந்த மோசடியில், போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லிப் பேசுவார்கள். திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். எண்ணை நம்பிப் பணம் அனுப்பக் கூடாது என்று பணியாளர்களிடம் சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை அழையுங்கள்.

999: இணையத் தொலைபேசியில் அழைத்தால் நம் இடம் சரியாகத் தெரியும் என்று உறுதியில்லை. முகவரியை வாயால் சொல்லப் பழகுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் முழு முகவரியை எழுதி ஒட்டுங்கள். சார்ஜ் உள்ள கைப்பேசி ஒன்று எப்போதும் கடையில் இருக்கட்டும்.

பதிவு செய்தல்: அழைப்பைப் பதிவு செய்தால், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ஐ மனத்தில் கொள்ளுங்கள். அழைப்பவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். எழுத்து அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழிலும் சேர்த்தால் நம் வாடிக்கையாளருக்கு நன்றாகப் புரியும். பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது, யார் கேட்கலாம் என்பதையும் தீர்மானித்துவிடுங்கள்.

## இந்த வாரமே தொடங்க

திங்கள் முதல் அழைப்புகளை எண்ணுங்கள். வார இறுதியில் எக்ஸ்டென்ஷன் பட்டியலும் அழைப்புப் பாதையும் வரையுங்கள். அடுத்த வாரம் மூன்று நிறுவனங்களிடம் அந்தத் தாளைக் காட்டி விலைப்பட்டியல் கேளுங்கள். தாளோடு போகும் வாடிக்கையாளரிடம் தேவையில்லாததை விற்க முடியாது.

கருவி வந்ததும் கடையில் ஒருவரைப் பொறுப்பாளராக நியமியுங்கள். அவர் இளையவராகவோ கல்லாவில் அமரும் அக்காவாகவோ இருக்கலாம். நோட்டுப் புத்தகம் எழுதும் பழக்கமும், ஒன்றைச் சரிசெய்துவிட்டு அடுத்ததைத் தொடும் பொறுமையும் இருந்தால் போதும். அவருக்கு ஒரு துணையாளும் பழகியிருக்கட்டும், ஒருவர் விடுப்பில் போனாலும் கடையின் எண் ஒலிக்க வேண்டும்.